இரண்டு புத்தகக்காரர்

அவர் எங்கள் சாவடியில் வந்து இறங்கியபோது இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு புத்தகத்தை இடுக்கியிருந்தார். ஒன்று சிவப்புத் துணியில் சுற்றியது, இன்னொன்று வெள்ளைத் துணியில். மாட்டு வண்டியின் பின்பக்கமாக இறங்கக் கை வேண்டும். அப்போதும் எதையும் கீழே வைக்காமல் முழங்காலை மடக்கிக் குதித்து, தள்ளாடி நின்றார். சாவடிச் சேவகர் பிச்சை ஓடிப்போய், ஒன்றையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினார்.

"வேண்டாம்" என்றார் அவர். "ரெண்டும் ஒரே கைக்குப் போகக்கூடாது. ஒண்ணு இன்னொண்ணப் பாத்து எழுதிக்கிடும்."

பிச்சை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெள்ளைத் துணிக்குள் இருந்தது என் கையெழுத்து.

கம்பத்துக்கு மேற்கே, குமுளி மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்கிச் சமதரையைத் தொடும் இடத்தில் மரம் எண்ணும் அந்தச் சாவடி இருந்தது. ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரு மேஜை, சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில். மலைக்கு மேலே திருவிதாங்கூர் ராஜ்யம், கீழே இங்கிலீஷ் சர்க்கார். மேலே அணை வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அணைக்குச் சாமான் ஏற்றிப்போன வண்டிகள் வெறுமையாகத் திரும்ப மனமில்லாமல் மரம் ஏற்றிக்கொண்டு வரும். மேலே அவர்கள் சாவடியில் ஒருவர் எண்ணி எழுதுவார். இறங்கி வந்ததும் கீழே நான் எண்ணி எழுதுவேன்.

தேக்குக்கும் ஈட்டிக்கும் முத்திரை உண்டு. அதில் தகராறு வராது. தகராறு எல்லாம் இலவு, மட்டி, பாலை என்று நகம் வைத்தால் பதிகிற மென்மரங்களில்தான். போடியில் ஏலக்காய்ப் பெட்டி அடிக்கவும் கட்டடங்களுக்குச் சாரம் கட்டவும் அவை போகும்.

இரண்டு ராஜ்யத்தின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே கூடுதலாக இருந்தால், எங்கள் சர்க்கார் காட்டில் திருடிய மரம் நடுவழியில் வண்டியேறியது என்று அர்த்தம். மேலே கூடுதலாக இருந்தால், கீழே உட்கார்ந்திருப்பவன் கண்ணை மூடிக்கொண்டான் என்று அர்த்தம். அந்த வருஷம் மேலே கூடுதலாக இருந்தது. ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இதே காரணத்துக்காக மதுரை ஜெயிலில் இருந்தார். மேஜையில் அவர் சிந்திய மைக்கறை அப்படியே இருந்தது.

மேல்சாவடியின் சிவப்புப் புத்தகத்தையும் என் வெள்ளைப் புத்தகத்தையும் கொடுத்து, ஒப்புநோக்கிப் பார்க்க இவரைச் சர்க்கார் கச்சேரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மலையாளமும் தமிழும் எழுத வாசிக்கத் தெரிந்தவர், செங்கோட்டைப் பக்கத்துக்காரர். மேலே இருப்பவர்கள் அவரைப் பாண்டிக்காரர் என்றார்கள், நாங்கள் மலையாளத்தார் என்றோம். இரண்டையும் அவர் மறுத்ததில்லை. ஒல்லியான ஆள். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. ஆவணிக் காற்று மலைக் கணவாயில் இருந்து இறங்கி எங்கள் கொட்டகையின் ஓட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், அவர் குரல் மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். மழை, இருட்டு, மாடு மிரண்டது, எல்லாம். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை. வெள்ளைப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து முதல் வரியில் விரலை வைத்தார்.

"நாலுன்னு எழுதியிருக்கீக. எதை ஒண்ணுன்னு எண்ணுனீக?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. "மரத்தைத்தான்யா" என்றேன்.

"எது மரம்?"

பிச்சை குறுக்கே வந்தார். "இதென்னய்யா கேள்வி. நட்டுக்க நின்னா மரம். படுத்துக் கெடந்தா கட்டை."

"அப்ப வண்டியில வந்தது மரமா, கட்டையா?"

பிச்சை எழுந்து மூங்கிலைத் தூக்கிவிடப் போனார்.

வந்தவர் வழக்கம் அதுதான். எதைக் கேட்டாலும் அங்கே வந்துதான் நிற்பார். சாவடிக்கு எதிரே ராக்கம்மாள் சோற்றுக்கடை போட்டிருந்தார். முதல்நாள் மத்தியானம் இவர் இலைமுன் உட்கார்ந்ததும் ராக்கம்மாள் கேட்டார்: "களி எத்தன உருண்டை வைக்க?"

"உங்க உருண்டை எம்புட்டு இருக்கும்?"

"ஏங்கய்யா, திங்க வந்தீகளா, அளக்க வந்தீகளா?"

"நேத்து மேல ரெண்டு உருண்டை தின்னேன், வயிறு நெறஞ்சது. இங்கனயும் ரெண்டுன்னு சொல்லி, அது பத்தலைன்னா?"

"பத்தலைன்னா இன்னொண்ணு கேளுங்க. இதுக்குப் போயி விசாரணை வைக்கிறீக." ராக்கம்மாள் ஒரு உருண்டையை இலையில் போட்டார். "இந்தாங்க, இதான் கேப்பைக்களி. இதுக்கு மேல அளக்கணும்னா சட்டியத் தூக்கிட்டுப் போங்க."

அவர் அன்று வாய்விட்டுச் சிரித்தார். பிச்சை அன்றிலிருந்து வண்டிக்காரர்களிடம் அவர் மாதிரியே பேசிக் காட்ட ஆரம்பித்தார். மாடு ரெண்டுன்னா கொம்பைச் சேத்தா, சேக்காமலா என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஊரெல்லாம் அவரை ரெண்டு புஸ்தகக்காரர் என்றார்கள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அவர் கோபப்படமாட்டார் என்பதுதான் காரணம். கோபப்படுகிறவர் ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோவார். இவர் ஓயமாட்டார். மாடு ஓட்டுகிறவரையும் வாங்க, உட்காருங்க என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு அவர்கள் பதில் சொல்லும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்.

எனக்குப் பயப்படக் காரணம் இருந்தது. நூற்றுக்கணக்கான மரம் எங்கே போயிற்று என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வண்டி எங்கே போயிற்று என்று தெரியும்.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விடாத மழை. பிச்சை ஊருக்குப் போயிருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் மொக்கையன் வண்டி வந்தது. ஒன்பது மட்டி மரம் ஏற்றியிருந்தார். ஆள் வாசல் நிறைய நிற்பார். நான் பேனாவை மையில் தொட்டதும் புத்தகத்தின் மேல் ஈரக்கையை வைத்தார்.

"எழுத வேண்டாம் ரைட்டரே. மழையில மை கரைஞ்சு போகும்."

எழுதினால் அது போடி வியாபாரிக்குச் சேர வேண்டிய மரம். எழுதாவிட்டால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம். எனக்கு அது தெரியும். எழுதாமல் விட முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "அந்தா தெரியுதே, கடைசி வீடு, அதான உங்க வீடு? பகல் பூராவும் வீட்டுல அவுக மட்டும் தனியாத்தான் இருக்காக போல. கதவத் தாப்பா போட்டுக்கிரச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. மூங்கிலைத் தானே தூக்கிவிட்டுக்கொண்டு போனார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் காசு எதுவும் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. வீட்டில் என் மனைவி ஞானத்திடம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

புத்தகத்தில் நாளுக்கு இவ்வளவு என்று மொத்தம்தான் எழுதுவோம். எந்த வண்டி, யார் ஓட்டியது, எத்தனை மரம் என்பது தனித்தனிச் சீட்டில் இருக்கும். சீட்டுக் கட்டு அந்தந்தச் சாவடியிலேயே கிடக்கும். மேலே காலையில் எழுதின வண்டி அன்றே இறங்கலாம். மாடு படுத்துவிட்டால் மறுநாளும் வரலாம். அதனால் நாள் மொத்தத்தை வைத்து ஒரு வண்டியைப் பிடிக்க முடியாது. மேலே இருக்கும் சீட்டைக் கொண்டுவந்து எங்கள் சீட்டோடு சேர்த்துவைத்தால் பிடித்துவிடலாம். அவர் சீட்டைக் கேட்கிற நாள்தான் என் கடைசி நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் முதலில் கேட்டது சீட்டை அல்ல, வருஷத்தை. மேஜையின் இந்தக் கோடியில் நான் வெள்ளைப் புத்தகத்தை வாசிக்க வேண்டும், அந்தக் கோடியில் அவர் சிவப்புப் புத்தகத்தைப் பார்ப்பார். இரண்டாம் நாளே நிறுத்தினார்.

"அவுகளும் ஒரு வருஷம்னு சொல்றாக, நாமளும் ஒரு வருஷம்னு சொல்றோம். அவுக வருஷம் ஆவணியில பொறக்குது. நம்ம கச்சேரி வருஷம் அதுக்கு ஒண்ணரை மாசம் முன்னாலயே பொறந்து தவழ ஆரம்பிச்சிடுது. ரெண்டு பிள்ளையையும் ஒரே தொட்டில்ல போட்டுட்டாக."

இரண்டுக்கும் பொதுவான நாட்களை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கூட்டினோம். வித்தியாசம் குறைந்தது. ஆனாலும் நூறுகளில்தான் நின்றது. அவர் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, சலிப்பும் இல்லை. பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு, "பாப்போம்" என்றார். அந்தப் பாப்போமைக் கேட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஐந்தாம் நாள் காற்றில் ராக்கம்மாள் கடையின் கூரை பறந்துவிட்டது. அன்று அவரை என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடும்படி ஆயிற்று. ஞானத்துக்கு அப்போது எட்டு மாதம். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். இருந்தாலும் வந்தவரிடம் பேசாமல் இருக்கமாட்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஐயாவுக்கு எத்தன பிள்ளைக?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்கள யாராச்சும் கேட்டா எத்தனைன்னு சொல்லுவீக?" என்றார்.

"வயித்துல இருக்கிறதச் சேத்து ஒண்ணு" என்றாள். பிறகு கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, "போனது ரெண்டு இருக்கு. அதையும் சேக்கிறதா வேண்டாமான்னு எனக்கே தெரியல" என்றாள்.

"நானும் அதனாலதான் யாருக்கும் சொல்றதில்ல, ஆத்தா" என்றார்.

அவர் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்ற ஏதாவது கேட்க வேண்டும் என்று கேட்டாரோ என்னவோ, "வெறகு எங்கன வாங்குறீக?" என்றார்.

"வாங்குறதாவது. மலையடியில வண்டிக்காரக அவுத்துப் போடுற கட்டைதான். சும்மா கெடக்கும். இந்த ஊருல எந்த வீட்டுல போயிப் பாருங்க, அதான் எரியும்."

அவள் சொல்லி முடிக்கும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. மலை இறக்கத்தில் பாரவண்டி மாட்டை மீறி ஓடாமல் இருக்க, பின்னால் ஒரு பெரிய கட்டையைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுபட விடுவார்கள். இழுகட்டை என்பது அதற்குப் பெயர். மேலே காட்டில், அவர்கள் சாவடிக்குப் பக்கத்திலேயே ஒரு மட்டியையோ இலவையோ வெட்டிக் கட்டிக்கொள்வார்கள். சமதரைக்கு வந்ததும் அவிழ்த்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு என்னிடம் வருவார்கள். வண்டிக்கு ஒன்று. தினமும் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் நான் சாவடிக்குப் போனேன். என் சோறு அதில்தான் வெந்தது. அதை மரம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மாட்டின் மூக்கணாங்கயிறு மாதிரி அதுவும் வண்டியில் சேர்ந்தது, அவ்வளவுதான். நான் மட்டுமல்ல, இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

மேலே இருப்பவர் அதை எண்ணியிருக்கிறார்.

புத்தகக்காரர் கை கழுவிக்கொண்டு, குழம்பு நன்றாக இருந்தது என்று ஞானத்திடம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு விளங்கியதா இல்லையா என்று முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"என்ன இப்பிடி வெளுத்துப் போனீக?" என்றாள் ஞானம். அவளிடம் இரண்டையும் சொன்னேன், இழுகட்டையையும் மொக்கையனையும். கார்த்திகையில் தாழ்ப்பாள் போடச் சொன்னது எதற்கு என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள்.

"கட்டையப் பத்தி நீங்களே போயிச் சொல்லிருங்க. அம்புட்டு மரமும் தீந்து போகும்ல."

"தீந்துபோனா அந்த ஒரு வண்டி மட்டும் தனியா நிக்கும், ஞானம். இப்ப கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு."

"சொல்லாட்டி?"

"அம்புட்டுக்கும் நான்தான் பதில் சொல்லணும். மதுரைக்குப் போகணும்."

செபமாலையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் சொல்லவும் இல்லை, சொல்லாமல் இருப்பது என்று முடிவு செய்யவும் இல்லை. விடியும்வரை இரண்டுக்கும் நடுவில் கிடந்தேன்.

காலையில் சாவடியில் அவர் இல்லை. பிச்சைதான் சொன்னார்: "விடியிறதுக்கு முந்தியே ஒரு வெறும் வண்டியில ஏறி மேல போயிட்டாக. போகும்போது ஒண்ணு கேட்டாக பாருங்க. மலையில வண்டி எறங்குறப்ப, வண்டி முன்னால வருதா, மாடு முன்னால வருதான்னு. எனக்கு இன்னும் விளங்கல."

எனக்கு விளங்கிவிட்டது. அன்று வந்த ஒவ்வொரு வண்டியையும் எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஒரு மரவண்டிக்குப் பின்னால் நடந்தே இறங்கி வந்தார். மலை முழுதும் இழுகட்டை கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டு வந்திருக்கிறார். தலை, புருவம், சட்டை எல்லாம் செம்மண். காலில் செருப்பு அறுந்து ரத்தம். பள்ளத்தில் தள்ளப்போன கட்டையை வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கி, அதன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்து என் மேஜைக்கு முன்னால் போட்டார். ஒரு பக்கம் முழுதும் தேய்ந்து செருப்பின் அடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"இது என்ன?"

"இழுகட்டைங்கய்யா."

"மரமா?"

பிச்சைதான் சொன்னார்: "மேல கட்டுறப்ப மரம், கீழ அவுக்குறப்ப வெறகுங்கய்யா."

அவர் பிச்சையை ஏறிட்டுப் பார்த்தார். "நான் அஞ்சு நாளாத் தேடுனத நீங்க ஒரு வார்த்தையில சொல்லிட்டீக" என்றார். கேலி இல்லை. அவருக்குக் கேலி வராது.

அவர் இடுப்பில் ஒரு துணிமூட்டை கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். மேல்சாவடிச் சீட்டுகள்.

அன்று மத்தியானம் முழுதும் சீட்டோடு சீட்டாக அடுக்கினோம். அவர் மேல் சீட்டை வாசிப்பார், நான் கீழ்ச் சீட்டை எடுத்து அதன்மேல் வைப்பேன். ஒவ்வொரு வண்டியிலும் ஒன்று, ஒன்று, ஒன்று குறைந்துகொண்டே வந்தது. எல்லாம் இழுகட்டை. அந்த நூற்றுக்கணக்கான மரம் என் கண் எதிரிலேயே கரைந்துபோயிற்று. யாரும் திருடவில்லை. ஜெயிலில் இருந்தவரும் திருடவில்லையோ என்னவோ, அவர் நினைவு வந்தது. நான் சந்தோஷப்பட வேண்டும். கார்த்திகைச் சீட்டுகள் நெருங்க நெருங்க சீட்டை எடுக்கிற வேகத்தைக் குறைத்தேன்.

"மொக்கையன் வண்டி" என்று வாசித்தார். "ஒன்பது மட்டி, இழுகட்டை ஒண்ணு."

நான் சீட்டுக் கட்டுக்குள் தேடுவதுபோல் பாவனை செய்தேன். இல்லாததை எவ்வளவு நேரம் தேட முடியும்?

"கீழ வந்து சேரல" என்றார். சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "வழியில வண்டி கவுந்துச்சா?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் நின்ற பிச்சை, ஆமாம் என்று சொல்லும்படி தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். மழைக்காலத்தில் அந்த மலையில் வண்டி கவிழாத வாரம் கிடையாது. ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பொய் சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அதுவும் இல்லை. மொக்கையன் ஈரக்கையைப் புத்தகத்தில் வைத்ததிலிருந்து ஞானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததுவரை சொல்லிவிட்டேன். பிச்சை வெளியே போய்விட்டார்.

"காசு வாங்குனீகளா?"

"இல்லங்கய்யா."

"அவரு உங்களுக்கு ஒறவா?"

"இல்லங்கய்யா."

அவர் ஒப்புநோக்குப் படிவத்தை எடுத்துவைத்தார். வித்தியாசத்துக்குக் காரணம் எழுத அதில் மேலிருந்து கீழாகக் கோடு போட்ட மூன்று பத்திகள் இருந்தன: எண்ணிக்கைப் பிழை, வழியில் நஷ்டம், திருட்டு. ஒவ்வொன்றிலும் பேனாவை வைத்து எடுத்தார்.

"தெரிஞ்சே விட்டிருக்கீக, அதனால பிழை இல்ல. வண்டி கவுழல, அதனால நஷ்டம் இல்ல. நீங்க எதையும் எடுத்துக்கிடல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எதுல எழுத?"

எனக்கு அழுகை வந்தது. "எழுதுனா வேலை போயிருமா ஐயா?"

"போகலாம். ஜெயிலுக்கு அனுப்பமாட்டாகன்னு நெனைக்கேன். அதுவும் நிச்சயமாத் தெரியாது."

"எழுதாம விட முடியாதா?"

"எழுதாட்டி ஒரு வண்டி மலையிலயே நின்னுக்கிட்டு இருக்கும். மாடு நனைஞ்சுக்கிட்டு நிக்கும். எனக்குத் தூங்க முடியாது."

இதைச் சொல்லிவிட்டு, சாவடி வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். பிறகு கோலை வைத்து, திருட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார். தலைப்பில் நிதானமாக எழுதினார்: பயத்தால் விட்டது. அதற்கு நேரே கீழே: வண்டி 1. மை காயும்வரை ஊதினார். காகிதத்தை என் பக்கம் திருப்பி, சரியா என்று கேட்டார். சரி என்றேன். மறுநாள் காலையில் புறப்பட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கம்பத்திலிருந்து தபால் வருகிற திசையில் புழுதி கிளம்பினாலே எழுதுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த எட்டாம் நாள் மொக்கையன் வந்தார், வண்டி இல்லாமல். சாவடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எம் பேரு ரெண்டு ராஜ்யத்துப் புஸ்தகத்துலயும் ஏறிருச்சாமே."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"என்னான்னு எழுதியிருக்கு? திருடன்னா?"

"இல்ல. திருட்டுப் பத்தியில இல்ல. பயத்தால் விட்டதுன்னு எழுதியிருக்கு."

"யாருக்குப் பயம்?"

"எனக்கு."

"அத நீங்களே சொன்னீகளா?"

"ஆமா."

மொக்கையன் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்ன செய்யப்போகிறார் என்று பிச்சை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு ஆம்பளை இதப் போயி வெளிய சொல்லுவானா" என்று முனகிவிட்டு மொக்கையன் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சாலையில் மரம் ஏற்றவில்லை. நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

உத்தரவு மார்கழியில் வந்தது. இனிமேல் இழுகட்டையையும் கீழே எண்ண வேண்டும். எழுத்தருக்கு எச்சரிக்கை. அவ்வளவுதான், வேலை போகவில்லை. உத்தரவோடு புதிய படிவங்கள் ஒரு கட்டு வந்திருந்தன, மாதம் ஒன்றாக நிரப்பி அனுப்ப. கச்சேரியில் நகல் எடுத்தவர் பழைய படிவத்தில் இருந்ததையெல்லாம் அப்படியே எடுத்திருந்தார். பிழை, நஷ்டம், திருட்டு. நான்காவதாக, பயத்தால் விட்டது.

மேல்சாவடிக்கும் அதே படிவம்தான் போனது. மாதக் கடைசியில் அந்தப் பத்தியில் என் கையால் ஒரு எண்ணைப் போட வேண்டும். வண்டிக்காரர்களிடம் எனக்கு இருந்த பயத்தைவிட அந்தப் பத்தியிடம் இருந்த பயம் பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி எழுதினேன். மாதாமாதம் அந்தப் பத்தியில் ஒன்றுமில்லை என்று சுழி போட்டேன்.

அடுத்த ஆவணியில் ஒப்புநோக்க வேறொருவர் வந்தார். இளவயதுக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். மரங்கள் ஏறக்குறைய ஒத்துவந்தன. நான்காவது பத்திக்கு வந்ததும் அவர், "மேல மூணுன்னு போட்டிருக்காக" என்றார். மேலே இருந்தவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த மூன்றை மலையாள எழுத்தில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன வருஷம் வந்த ஐயா வரலையா?" என்று கேட்டேன். நானாக ஒருவரிடம் கேள்வி கேட்டது அந்தச் சாவடியில் அதுதான் முதல்தடவை.

அவர் வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "அவரை வேலையவிட்டு எடுத்துட்டாக. உத்தரவு இல்லாம படிவத்துல ஒரு பத்தி கூட்டுனதுக்கு."

"அப்ப இந்தப் பத்தி?"

"அத எடுக்கவும் உத்தரவு வேணும்ல. யாரு போயிக் கேக்குறது?"

அவர் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வண்டி ஏறினார். பழைய ஐயாவுக்குச் செங்கோட்டைப் பக்கத்தில் எந்த ஊர், யாரை விசாரித்தால் தெரியும், அவருக்காகக் கச்சேரிக்கு நான் ஒரு மனு எழுதிப்போட்டால் எடுபடுமா என்றெல்லாம் கேட்க வேண்டும் என்று வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தேன். மனு எழுதினால் என் பெயர் மறுபடி மேஜைக்கு வரும். எச்சரிக்கை என்று எழுதினவர்கள் அதை எடுத்துப் பார்ப்பார்கள். குழந்தைக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. வண்டி மூங்கிலைத் தாண்டிப் போயிற்று. நான் கேட்கவில்லை, மனுவும் எழுதவில்லை.

அந்த மாதம் வந்த வண்டி எல்லாவற்றையும் நிறுத்தி எண்ணியிருந்தேன். ஒன்றையும் விடவில்லை. மாதக் கடைசியில் படிவத்தை எடுத்து, பிழையில் சுழி போட்டேன், நஷ்டத்தில் சுழி, திருட்டில் சுழி. பயத்தால் விட்டது என்ற நான்காவது பத்தியில் ஒன்று என்று எழுதி அனுப்பினேன்.